கொசுவலையில் ஒரு ஓட்டை

பூட்டுக்குள் சாவி நுழைந்தது. திரும்பத்தான் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ரொம்ப நாளா யாரும் தொறக்கல. அதான்," என்றாள் தையற்கடைக்காரி.

"எங்க சார்கிட்ட மட்டும் சாவியைக் குடுத்துடாதீங்கக்கா," என்றாள் பட்டாசு. "அவர் தொறந்து முடிக்கறதுக்குள்ள உள்ள இருக்கற கரப்பான்பூச்சியெல்லாம் பேரன் பேத்தி எடுத்துடும்."

பட்டாசுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தாலே வெடிப்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய முதலாளிக்கு நிதானம் என்று பெயர். கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் ஓட மாட்டார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நடக்கும் அந்தத் துப்பறியும் நிறுவனத்தில் இவர்கள் இருவர்தான் எல்லாமே.

தையற்கடைக்காரி சிரிக்கவில்லை. அவள் சிரித்து மாதக்கணக்காகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. ஒருவழியாகப் பூட்டு திறந்துகொண்டது. அடைத்துக் கிடந்த வீட்டின் புழுங்கல் வாடை முகத்தில் அடித்தது.

"இதுதான் எங்கப்பா இருந்த ரூம். இங்கதான் என் தம்பி பொண்டாட்டி அவரைக் கொன்னா."

"கொன்னான்னு நீங்க சொல்றீங்க," என்றார் நிதானம். "டாக்டர் மூச்சு நின்னு போச்சுன்னுதான் எழுதியிருக்கார்."

"மூச்சை நிறுத்தினது யாருன்னு டாக்டர் எழுதுவாரா?"

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். கடைசிக் காலத்தில் நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையானார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின். அது ஓடினால்தான் அவருக்கு மூச்சு. மகன் வெளியூர் வேலையில் இருந்தான். மருமகள்தான் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் மெஷினுடைய சுவர் சுவிட்ச் அணைந்து கிடந்தது. கிழவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து, சுவிட்சை நோக்கி ஒரு கையை நீட்டியபடியே போய்விட்டிருந்தார். அப்போது வீட்டில் இருந்த பெரியவள் மருமகள் ஒருத்திதான்.

அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் தையற்கடைக்காரி. தம்பியும் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த வாரம் கோர்ட்டில் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற விசாரணை. அதற்குத்தான் ஆதாரம் தேடி இவர்களிடம் வந்திருந்தாள்.

"அவளுக்குப் பணிவிடை செஞ்சு சலிச்சுப் போச்சு," என்றாள் தையற்கடைக்காரி. "அதுக்கு முந்தின வாரம்தான் என்கிட்ட போன்ல அழுதா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல அண்ணி, முடியலன்னா. நான்தான், கொஞ்ச நாள் பொறுத்துக்கோன்னேன். பொறுத்துக்கல."

பட்டாசு மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். மருமகள்தான். இதற்கு எதற்கு இரண்டு பேர்?

"அந்தப் பொண்ணு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் நிதானம்.

"நல்லா கதை கட்டினா சார். திடீர்னு ஹை வோல்டேஜ் வந்துச்சாம். பல்பெல்லாம் கண்ணைக் கூசற மாதிரி எரிஞ்சுதாம், ஃபேன் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி சுத்துச்சாம். மெயினை அணைக்கக் கீழ ஓடினாளாம். மீட்டர் ரூம் பூட்டியிருந்துச்சாம். திரும்பி வந்தா மாமா போயிட்டாராம். சுவிட்சைத் தொடவே இல்லையாம்."

"இருக்கலாமே?"

"எப்படி சார் இருக்கும்? கீழ்வீட்டம்மாவைக் கேளுங்க. அதே நேரம் அவங்க வீட்டுல லைட்டெல்லாம் மங்கிப் போச்சு. லோ வோல்டேஜ்! ஒரே கட்டடம். கீழ இல்லாத வோல்டேஜ் மேல மட்டும் எங்கேருந்து வரும்? இன்னொண்ணு. இதைப் பாருங்க."

அவள் விறுவிறுவென்று போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மெஷின் ஒரு தடவை உறுமிவிட்டு, புஸ்... புஸ்... என்று ஓடத் தொடங்கியது. தலையணை மேல் கிடந்த குழாயிலிருந்து காற்று வந்தது. யாரும் இல்லாத தலையணை உறையின் ஓரம் அந்தக் காற்றில் லேசாக அசைந்தது.

பட்டாசின் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் இருந்தது. அதை முழுங்கிக்கொண்டாள்.

"ஹை வோல்டேஜ் வந்திருந்தா இது பொசுங்கியிருக்கணுமா இல்லையா?" என்றாள் தையற்கடைக்காரி. "ஜம்முனு ஓடுது. எங்கப்பாதான் இல்ல."

நிதானம் மெதுவாக வீட்டைச் சுற்றி வந்தார். ஃப்ரிட்ஜைப் போட்டார். சத்தமே இல்லை. டி.வி.யைப் போட்டார். கறுப்பாகவே இருந்தது. ஃபேன் சுவிட்சைத் தட்டினார். இறக்கைகள் அசையவில்லை.

"எல்லாம் எப்பலேருந்து ஓடல?"

"பூட்டிப் போட்ட வீடு சார். கெட்டுப் போயிருக்கும்."

"பூட்டின வீட்டுல தூசி படியும். ஃப்ரிட்ஜும் டி.வி.யும் ஃபேனும் சொல்லி வெச்சுக்கிட்டுச் சாகாது."

"கூட்டுத் தற்கொலையா சார்?" என்றாள் பட்டாசு.

"வா. கீழ போவோம்."

மூவரும் இறங்கி வந்தார்கள். கீழ்வீட்டம்மா கதவைத் திறந்தபோதே பேச்சையும் சேர்த்துத் திறந்தாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். நான் துணி தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். லைட் அப்படியே செத்துப் போச்சு. உள்ள இருக்கற கம்பி மட்டும் செவப்பாத் தெரிஞ்சுது. ஃப்ரிட்ஜ் முனகுச்சு. அப்பத்தான் அந்த மகராசி மேலேருந்து தடதடன்னு ஓடி வந்தா."

"வந்து?"

"மீட்டர் ரூம் கதவை ரெண்டு கையாலயும் இடிச்சா. சாவி எங்க, சாவி எங்கன்னு ஒரே கத்தல். சாவி ஓனர்கிட்டல்ல இருக்கு! நான் அவளை நிக்க வெச்சுக் கேட்டேன். மேல என்னத்தடி போட்டுத் தொலைச்சே, என் வீட்டுல லைட் இப்படி அழுது வடியுதுன்னு. அவ, ஐயோ வோல்டேஜ் ஏறுதுக்கான்னு சொல்றா. எனக்கு எரிச்சல் வராதா? இங்க எறங்குது, நீ ஏறுதுங்கறியேன்னு நல்லாக் கேட்டு விட்டேன்."

"ரொம்ப நேரம் கேட்டீங்களா?"

கீழ்வீட்டம்மாவின் வாய் முதல் தடவையாகத் தயங்கியது.

"கொஞ்ச நேரம்... அவ என் கையை உதறிட்டு மேல ஓடிட்டா. அப்புறம்தான் அலறல் கேட்டுச்சு." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் நடிப்பு சார். ஊருக்கெல்லாம் கேக்கணும்னு கதவை இடிச்சிருக்கா."

"அவ்வளவு நேரமும் உங்க கண் முன்னாடியேதான் இருந்தாங்க?"

"ஆமா. நான்தான் கையைப் பிடிச்சிருந்தேனே!"

"ரொம்ப நன்றிம்மா," என்றார் நிதானம். அவர் நன்றி சொல்லும்போது எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார் என்று பட்டாசுக்குத் தெரியும். எதை என்றுதான் தெரியாது.

மீட்டர் ரூம் கதவு இப்போது சும்மா சாத்தித்தான் இருந்தது. உள்ளே பழைய பலகையில் மீட்டர்கள். வயர்கள் எல்லாம் தூசியும் ஒட்டடையுமாக, போல்ட்டுகள் துருவேறிச் செங்கல் நிறத்தில். அவற்றின் நடுவே ஒரே ஒரு போல்ட் பளபளவென்று மின்னியது. அதில் மாட்டியிருந்த வயரும் புதுசு.

"கிழவர் கூட்டத்துல ஒரு மாப்பிள்ளை," என்றாள் பட்டாசு.

"மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தவர் நம்பர் கதவுலயே இருக்கு பார்."

கதவின் உள்பக்கம் ஓர் எலக்ட்ரீஷியனின் ஸ்டிக்கர். நிதானம் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமா சார், நான்தான் மாட்டினேன்," என்றது அந்தக் குரல். "மேல் வீட்டுப் பெரியவர் தவறினதுக்கு மறுநாள் ஓனர் கூப்பிட்டார். நியூட்ரல் வயர்னு, எல்லா வீட்டுக்கும் பொதுவா கரண்ட் திரும்பிப் போற வயர் ஒண்ணு இருக்கு, அது துருப்பிடிச்சு உதிர்ந்து கழண்டு கிடந்துச்சு."

"அது கழண்டா வீடுகளுக்கு என்ன ஆகும்?"

"கண்டபடி ஆகும் சார். தராசு முள் ஒடஞ்ச மாதிரி. ஒரு வீட்டுக்கு வோல்டேஜ் எறங்கி லைட் மங்கும். அங்க எறங்கினது இன்னொரு வீட்டுக்கு ஏறும். அங்க போட்டிருக்கறதெல்லாம் பொசுங்கும். உடனே மெயினை அணைச்சாத்தான் தப்பிக்கலாம்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஓனர்கிட்ட சொன்னேன். வேற யாரும் கேக்கலயே சார்."

நிதானம் போனை வைத்தார். தையற்கடைக்காரி மீட்டர் ரூம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப... ரெண்டு பேர் சொன்னதும் நெசமா?"

"ரெண்டும் நெசம்மா. கீழ மங்கினதாலதான் மேல ஏறுச்சு."

அவள் தலையை உலுக்கிக்கொண்டாள். விட மனசில்லை. இத்தனை மாதமாகக் கட்டிக் காத்த கோபம் அது. அதை விட்டுவிட்டால் கையில் வேறு எதுவும் மிஞ்சாது.

"சரி. வோல்டேஜ் வந்துச்சு. ஆனா மெஷின் சுவிட்ச்? அது தானா அணையுமா? கீழ ஓடறதுக்கு முன்னாடி அணைச்சுட்டு ஓடியிருக்கா. அவ்வளவுதான்."

"நல்ல கேள்வி," என்றார் நிதானம். "அதுக்குப் பதில் மேல இருக்கு."

மேலே வந்ததும் அவர் நேராக அந்தச் சுவிட்சுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சுவிட்சிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டு. அதில்தான் மெஷினுடைய பிளக். பக்கத்துத் துளையில் என்னவோ உருகி வழிந்து, கறுத்த மெழுகு போல ஒட்டிக் கிடந்தது.

"இது என்ன பட்டாசு?"

அவள் குனிந்து பார்த்தாள். "கொசு மருந்து மெஷின் சார். கொசுவைக் கொல்றதுக்குப் பதிலா அதுவே செத்திருக்கு."

"குழந்தை எங்க படுத்திருக்கும்?"

"இங்கதான்," என்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையைக் காட்டினாள் தையற்கடைக்காரி. "சின்னப் பாய், மேல கொசுவலை. அந்தப் போர்டுக்குப் பக்கத்துலயே. அன்னைக்கும் தூங்கிக்கிட்டுதான் இருந்தா."

"வலை எங்க?"

"அப்பாவோட இன்னொரு கையில சிக்கியிருந்துச்சு. எழுந்திரிக்க வலையைப் பிடிச்சிருக்காரு பாவம். நான்தான் விடுவிச்சுச் சுருட்டி அலமாரியில போட்டேன்."

பட்டாசு அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைச் சுருளை எடுத்து உதறினாள். ஓரத்தில் ரோஜா நிற நாடா வைத்துத் தைத்த சின்ன வலை. விரித்ததும் நடுவே ஓர் ஓட்டை தெரிந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். சுற்றிலும் கறுப்பு.

"இது நீங்க தைச்சதா?" என்று கேட்டார் நிதானம்.

"ஆமா. பொறந்தப்ப தைச்சுக் குடுத்தேன்."

"அப்ப உங்களைத்தான் கேக்கணும். இது என்ன துணி?"

"நைலான்."

"நைலான்ல தீ பிடிச்சா என்ன ஆகும்?"

தையற்கடைக்காரி வாயைத் திறந்தாள். அவள் பார்வை வலையின் ஓட்டைக்குப் போனது.

"என்ன ஆகும்மா?"

"ஒரு மூச்சுல... மொத்தமும் எரிஞ்சிடும். உருகிச் சொட்டும். கீழ இருக்கறவங்க மேல ஒட்டிக்கும்."

"ஆனா இங்க உள்ளங்கை அகலத்தோட நின்னுடுச்சு. எப்படி?"

அவள் வலையைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துணி பார்த்தே பழகிய விரல்கள் ஓட்டையின் ஓரத்தைத் தடவின. அந்த ஓரம் எரிந்த ஓரம் போல விரிந்து கிடக்கவில்லை. மடிப்பு மடிப்பாக ஒன்றோடொன்று ஒட்டி, கெட்டியாகிக் கிடந்தது. உருகும்போதே யாரோ கையால் கசக்கிப் பிடித்த துணி அது.

"இது..." என்றாள். "யாரோ... கையால..."

நிதானம் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் வந்தார். எப்போதையும்விட மெதுவாகவே பேசினார்.

"மருமகள் முன்னாடியே சுவிட்சை அணைச்சிருந்தா அந்தக் கொசு மருந்து மெஷின் உருகியிருக்காது, வலையில தீ பிடிச்சிருக்காது. சரி, திரும்பி வந்து அணைச்சாங்களா? அதுவரைக்கும் சுவிட்ச் போட்டே இருந்திருந்தா ஆக்சிஜன் மெஷினும் ஃப்ரிட்ஜ் மாதிரி பொசுங்கியிருக்கும். அது ஜம்முனு ஓடுது, நீங்களே காட்டினீங்க. அப்போ தீ பிடிச்ச உடனே யாரோ சுவிட்சை அணைச்சிருக்காங்க. அந்த நேரம் மருமகள் கீழ இருந்தாங்க. கீழ்வீட்டம்மா கையைப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. இந்த ரூம்ல இருந்தது ரெண்டே பேர். அதுல ஒருத்தி தூங்கிக்கிட்டு இருந்தா."

பட்டாசு கட்டிலையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்த அதே காட்சிதான். கட்டிலிலிருந்து சரிந்த கிழவர், சுவிட்சை நோக்கி நீண்ட கை. மூச்சுக்காக சுவிட்சைப் போட முயன்றார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போட முயலவில்லை. அணைத்திருக்கிறார்.

"உங்கப்பா என்ன வேலை பாத்தார்?" என்று கேட்டார் நிதானம்.

"டிரைவர்..." என்றாள் தையற்கடைக்காரி. "வண்டியில பொகை வந்தா மொதல்ல எஞ்சினை நிறுத்துடா, அப்புறம் ஆளை எறக்குடான்னு... தம்பிக்கு வண்டி கத்துக் குடுக்கும்போது..."

"எஞ்சினை நிறுத்தினார். அதுலதான் தன் மூச்சும் ஓடுதுன்னு அவருக்குத் தெரியாம இருக்காது. அப்புறம் வலையைப் பிடிச்சுக் கசக்கித் தீயை அணைச்சார். அதுக்கு மேல அவருக்குத் தெம்பு இல்ல."

தையற்கடைக்காரி வலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கை கறுப்பா இருந்துச்சு," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "வலது கை. உள்ளங்கை பூரா கறுப்பு, தோல் வழண்டிருந்துச்சு. தரையில விழுந்து தேய்ஞ்ச காயமும் அழுக்கும்னு நெனைச்சு நான்தான் ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். நல்லா அழுத்தித் தொடச்சேனே... அவருக்கு எரிஞ்சிருக்குமே..."

செத்தவருக்கு எரியாது என்று சொல்ல பட்டாசுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மெஷின் இன்னும் புஸ்... புஸ்... என்று ஓடிக்கொண்டிருந்தது. நிதானம் போய் அதை அணைத்தார்.

மருமகள் ஒரு பேக்கரிக்கு மேலே வாடகைக்கு அறை எடுத்திருந்தாள். கீழே அங்கேயேதான் வேலை. சாயங்காலம் அவர்கள் படியேறிப் போனபோது, மாவு படிந்த மேலங்கியோடு கதவைத் திறந்தாள். நாத்தனாரின் இடுப்பில் குழந்தையைப் பார்த்ததும் கதவை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அண்ணி..."

நிதானம்தான் எல்லாவற்றையும் சொன்னார். கழண்ட வயர், மங்கிய கீழ்வீடு, உருகிய மருந்து மெஷின், கசங்கிய வலை. மருமகள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்த முகமே இல்லை.

"நான் கீழ போகாம இருந்திருந்தா?" என்றாள் கடைசியில்.

"வோல்டேஜ் ஏறினா மெயினை அணைக்கணும். நீங்க சரியான காரியத்துக்குத்தான் ஓடினீங்க. கதவு பூட்டியிருந்தது உங்க தப்பு இல்லம்மா."

"அது எனக்கும் தெரியும் சார். தெரிஞ்சும் தூக்கம் வரமாட்டேங்குது." கண்ணைத் துடைத்தாள். மாவு கன்னத்தில் அப்பிக்கொண்டது. "பிள்ளையை அவர் பக்கத்துல விட்டுட்டுப் போறேன் மாமா, ஒரு நிமிஷம் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் ஓடினேன். அவர் தலையை ஆட்டினார்."

அதைக் கேட்டதும் தையற்கடைக்காரி உடைந்தாள். குழந்தையை முன்னால் நீட்டினாள். "பிடி. உன் பிள்ளை. என்னை என்ன வேணா திட்டு. கால்ல விழச் சொன்னாலும் விழறேன். மொதல்ல பிள்ளையை வாங்கிக்கோ."

மருமகள் இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி, "அத்தை!" என்று அலறிக்கொண்டு தையற்கடைக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இத்தனை மாதத்தில் நடக்கப் பழகியிருந்தது, பேசப் பழகியிருந்தது. அம்மாவை மறந்திருந்தது.

நீட்டிய கைகள் காற்றிலேயே நின்றன.

பட்டாசு எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அழுகையைப் பார்த்திருக்கிறாள். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பாள். இப்போது எங்கே பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை.

தையற்கடைக்காரி கழுத்தைச் சுற்றிய பிஞ்சுக் கைகளைப் பிரிக்கப் பார்த்தாள். "அம்மாடி, உங்கம்மாடி இது... போம்மா..." குழந்தை இன்னும் வீறிட்டது.

"பிரிக்காதீங்க அண்ணி," என்றாள் மருமகள். கைகளை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டாள். "பயப்படுது. அது என்ன பண்ணும் பாவம்."

"நான் பாவி..."

"உள்ள வாங்க."

"என்ன முகத்தோட வருவேன்?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு உங்க மேல கோபம் இருக்கு அண்ணி. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்கு இப்ப உங்க மடியிலதான் தூக்கம் வரும்." மருமகள் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்தாள். "அவ என்கிட்ட பழகற வரைக்கும் நீங்களும் இங்கயே இருங்க."

தையற்கடைக்காரி உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுது களைத்த குழந்தை அவள் மடியிலேயே, ஜாக்கெட்டின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, விசும்பி விசும்பித் தூங்கிப் போனது. மருமகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, நீட்டியிருந்த அதன் ஒரு காலை மட்டும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நிதானம் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.